வாகையும் வசையும்

விளையாட்டு மனிதனுடைய குணத்துக்கு ஓர் உரைகல் என்று பெரியோர் சொல்வதுண்டு. ஆடுகிறவனுடைய குணம் பந்தயம் நடக்கும்போது வெளிப்படுகிறது. பார்க்கிறவனுடைய குணம் பந்தயம் முடிந்த பிறகுதான் வெளிப்படுகிறது. 2025-ம் வருஷத்து உலக மோட்டார்ப் பந்தயம் முடிவடைந்த விதத்தையும், அதையொட்டி எழுந்த ஆரவாரத்தையும் அவதூறுகளையும் கவனித்தபோது இந்த உண்மை நம் மனத்தில் நன்கு பதிந்தது.

அவ்வாண்டு டிசம்பர் 7-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை மாலை, பழவேற்காட்டு ஏரிக்கரையில் நாம் இருக்க நேர்ந்தது. ஒரு தேநீர்க் கடையின் வாசலில் மீனவ வாலிபர்கள் ஐந்தாறு பேர் ஒரு செல்போனைச் சுற்றி உட்கார்ந்து, அபுதாபியில் நடந்த பார்முலா ஒன்று பந்தயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தனர். எந்த ஓட்டி எத்தனை புள்ளி பெற்றிருக்கிறான், எந்த வண்டிக்கு எப்போது சக்கரம் மாற்ற வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். மோட்டார் பொருத்திய படகை அன்றாடம் அலையில் செலுத்துகிறவர்களுக்கு எஞ்சினுடைய ஓசையும் வேகமும் பிடித்திருப்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அவர்களுடைய உற்சாகம் நமக்கும் தொற்றிக்கொண்டது.

உற்சாகத்துக்குக் காரணமும் இருந்தது. மக்லாரன் அணியைச் சேர்ந்த நாரிஸ், பியாஸ்ட்ரி என்ற இருவரும், ரெட் புல் அணியைச் சேர்ந்த வெர்ஸ்டாப்பனும் ஆகிய மூவர் பட்டத்துக்குக் கடைசிப் பந்தயம் வரையில் போராடினார்கள். பருவத்தின் நடுவில், டச்சுப் பந்தயம் முடிந்தபோது, வெர்ஸ்டாப்பன் 104 புள்ளிகள் பின்தங்கியிருந்தார். அங்கிருந்து எழுந்து வந்து, கடைசிப் பந்தயத்தில் முதலாவதாகவும் வந்தார். ஆயினும் மூன்றாவதாக வந்த நாரிஸுக்கே பட்டம் கிடைத்தது. நாரிஸுக்கு 423 புள்ளிகள், வெர்ஸ்டாப்பனுக்கு 421, பியாஸ்ட்ரிக்கு 410. இருபத்துநான்கு பந்தயங்கள் ஓடி முடித்த பிறகு வித்தியாசம் இரண்டே புள்ளிகள்! தோற்றவர் தலைநிமிர்ந்து நிற்கவும், வென்றவர் அடக்கத்தோடு நிற்கவும் இதைவிடச் சிறந்த சந்தர்ப்பம் வாய்க்காது.

ஆனால், இந்த இரண்டு புள்ளிகளைச் சுற்றி நடந்த ஒரு சம்பவம் வெட்கப்படத்தக்கதாக இருக்கிறது. அதற்கு முந்திய வாரம் கட்டாரில் நடந்த பந்தயத்தின் கடைசிச் சுற்றுகளில், மெர்சிடிஸ் அணியைச் சேர்ந்த அந்தோனெல்லி என்ற பத்தொன்பது வயது இத்தாலிய வாலிபர் ஒரு வளைவில் சற்றே தடுமாறினார். நாரிஸ் அவரைத் தாண்டி நான்காவதாக வந்தார். ஐந்தாவது இடத்துக்கும் நான்காவது இடத்துக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு புள்ளிகள். அந்த வாலிபர் வேண்டுமென்றே வழிவிட்டார் என்று தோன்றும்படி எதிரணியைச் சேர்ந்த முக்கியஸ்தர்கள் பேசினர். உடனே அபிமானிகள் என்போர் கிளம்பிவிட்டார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட வசைகள், கொலை மிரட்டல்கள் உள்பட, அந்தச் சிறுபிள்ளையின் மேல் கொட்டப்பட்டன. மறுநாளே, தாங்கள் கூறியது தவறு என்று ரெட் புல் அணியினர் வருத்தம் தெரிவித்தனர். சொன்னவர்கள் வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். ஏசியவர்களில் எத்தனை பேர் வாபஸ் வாங்கிக்கொண்டார்கள்?

இது புதிய வியாதியன்று. 2021-ம் வருஷம் டிசம்பர் 12-ந் தேதி இதே அபுதாபியில் ஹாமில்டனும் வெர்ஸ்டாப்பனும் சமமான புள்ளிகளோடு கடைசிப் பந்தயத்தில் இறங்கினர். முடிவுக்குச் சில சுற்றுகளே இருந்தபோது லத்தீபி என்ற கனடா தேசத்து ஓட்டியின் வண்டி சுவரில் மோதியது. அதனால் பந்தயத்தின் போக்கே மாறி, கடைசிச் சுற்றில் பட்டம் கைமாறிற்று. அன்று நடுவர் செய்த தீர்ப்புப் பற்றி இன்றும் அபிப்பிராய பேதம் உண்டு. ஆனால் லத்தீபி செய்த குற்றம் என்ன? வண்டி வழுக்கியதுதான். அதற்காக அவருக்கும் கொலை மிரட்டல் விடுத்தார்கள். காற்று மாறிப் படகு கவிழ்ந்தால் படகோட்டியை அடிக்கக் கிளம்பும் மூடத்தனத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஓட்டிகளை மாற்றும் விஷயத்திலும் இதே கதைதான். 2025-ம் வருஷப் பருவத்தில் ரெட் புல் அணி இரண்டே பந்தயங்களுக்குப் பிறகு லாசன் என்ற நியூஜிலாந்து வாலிபரை இறக்கிவிட்டு, ஜப்பானியரான சுனோடாவை ஏற்றியது. ஆல்ப்பைன் அணி ஆறு பந்தயங்களுக்குப் பிறகு ஆஸ்திரேலியரான டூஹனை நீக்கி, அர்ஜென்டினா தேசத்துக் கொலபின்டோவை வைத்துக்கொண்டது. மாற்றியவர்கள் முதலாளிகள், ஏச்சு வாங்கியவர்களோ ஓட்டிகள். ஸ்தானத்தை இழந்தவனைக் கையாலாகாதவன் என்றும், ஸ்தானத்தைப் பெற்றவனைத் திருடன் என்றும் தூற்றுவது அபிமானத்தின் இலக்கணமாகிவிட்டது.

தேநீர்க் கடை வாசலில் வாலிபர்கள் இதைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் தலை நிமிர்ந்து, "ஏம்ப்பா, அந்தப் பிள்ளையை எறக்கிட்டு இன்னொருத்தனை ஏத்தினாங்கன்னு சொல்றியே, அதுக்குச் சீட்டுப் போட்டாங்களா?" என்று கேட்டார். "சீட்டெல்லாம் கிடையாது, தாத்தா. முதலாளி சொன்னா அவ்வளவுதான்" என்றான் ஒருவன். பெரியவர் மறுபடியும் வலையில் கண்ணைப் பதித்துக்கொண்டார். அந்தக் கேள்வியை நாம் மறக்கவில்லை.

பழவேற்காட்டை அறிந்தவர்களுக்கு அதன் பொருள் விளங்கும். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் மீனவர்கள் ஏரியில் இறால் பிடிக்கும் இடங்களைப் 'பாடு' என்ற முறைப்படி பகிர்ந்துகொண்டு வந்திருக்கிறார்கள். நல்ல இடம், மட்டமான இடம் என்று நீரிலும் உண்டு. அதை வலுத்தவன் பிடித்துக்கொள்ளாதபடி, சீட்டுப் போட்டு, முறை வைத்து, இன்று ஒருவனுக்கு, நாளை மற்றொருவனுக்கு என்று ஊரார் வகுத்திருக்கிறார்கள். இந்த முறையில் குறையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. பாட்டில் பங்கில்லாத ஏழை ஜனங்களும் அந்த ஏரியை நம்பியே வாழ்கிறார்கள். அவர்களுடைய மனக்குறை நியாயமானது. ஆயினும், பங்கு உள்ளவர்களுக்குள்ளே முறை தவறாது என்ற நிச்சயம் உண்டு. அதனால்தான் இன்று வெறும் வலையோடு திரும்புகிறவன், நிறைந்த கூடையோடு வருகிறவனை ஏசுவதில்லை. முறை தெரிந்த இடத்தில் பொறாமைக்கு இடம் குறைவு. முறை மறைவாயிருக்கும் இடத்திலோ சந்தேகமும் வசையும் வளர்கின்றன.

பார்முலா ஒன்று பந்தயத்தில் ஸ்தானம் கிடைப்பதற்குத் திறமை வேண்டும். ஆனால் திறமை மட்டும் போதாது என்பது ஊரறிந்த விஷயம். சிறிய அணிகளில், ஓட்டியின் பின்னால் வரும் பணமும் பெரியோர் ஆதரவும் அநேக சமயம் முடிவு செய்கின்றன. இதை நம்மவர்களே அனுபவித்திருக்கிறார்கள். கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன் 2005-ம் வருஷத்தில் ஜோர்டன் அணியில் சேர்ந்து, அப்பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியர் என்ற பெருமையைப் பெற்றார். அவ்வாண்டு அமெரிக்காவில் ஆறே வண்டிகள் ஓடிய பந்தயத்தில் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் பெற்றார். 2011-ல் ஹிஸ்பானியா அணியில் அவர் ஓட்டிக்கொண்டிருந்தபோது, பருவத்தின் நடுவில் ரெட் புல்லின் ஆதரவு பெற்ற ரிக்கியார்டோவுக்காக ஸ்தானத்தை விட நேர்ந்தது. டில்லியை அடுத்த புத்தர் பெயரிட்ட மைதானத்தில் 30-10-2011 அன்று நடந்த முதல் இந்தியப் பந்தயத்துக்கு மட்டும் திரும்பி வந்து, 17-வதாக ஓடி முடித்தார். சென்னை கருண் சந்தோக் 2010-ல் அதே அணியில் பத்துப் பந்தயங்கள் ஓட்டியபின் நீக்கப்பட்டார். அடுத்த வருஷம் லோட்டஸ் அணியின் உடையணிந்து சொந்த நாட்டுக்கு வந்தும், வெள்ளிக்கிழமைப் பயிற்சியோடு அவர் திருப்தியடைய வேண்டியதாயிற்று. 2012-க்குப் பிறகு, 2025-ம் வருஷப் பருவம் முடியும் வரையில், எந்த இந்தியரும் பார்முலா ஒன்று பந்தயத்தில் ஓட்டவில்லை.

நம்மவர் நீக்கப்பட்டபோது நமக்கு நெஞ்சம் வலித்தது. வலித்தது நியாயமே. ஆனால் ரிக்கியார்டோவை ஏசியிருந்தால் கார்த்திகேயனுக்கு ஸ்தானம் திரும்பக் கிடைத்திருக்குமா? கேட்க வேண்டிய கேள்வி, முதியவர் கேட்ட கேள்விதான்: எந்த முறைப்படி மாற்றினார்கள்?

இதற்கு மாறாக, போற்றத்தக்க ஓர் உதாரணமும் நம் கண் முன்னே இருக்கிறது. 2025-ம் வருஷம் ஜனவரியில் துபாயில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித் குமார் தம் சொந்த அணியோடு இறங்கினார். பயிற்சியின்போது அவருடைய வண்டி விபத்துக்குள்ளாயிற்று. பிறகு, அணியின் நலத்தை முன்னிட்டு, பிரதான வண்டியின் ஸ்தானத்தைத் தாமே விட்டுக்கொடுத்து, இன்னொரு வண்டியில் ஓட்டினார். அவருடைய அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது. அணியின் சொந்தக்காரர் தம்மைத் தாமே மாற்றிக்கொண்ட அரிய காட்சி அது. அங்கே கூடிய தமிழ் அபிமானிகளின் கோஷம் விண்ணைப் பிளந்தது. அச்சமயம் அவர் தம் ரசிகர்களுக்குக் கூறிய புத்திமதியும் அதுதான்: பிறர் வாழ்க என்று கூவுவதோடு நில்லாமல், அவரவர் வாழ்வையும் கவனிக்க வேண்டும் என்பது. அவரை மெய்யாக நேசிப்பவர்கள் கோஷத்தைவிட இதையே கடைப்பிடிக்க வேண்டும்.

பழவேற்காட்டு வாலிபர்களுக்கும் மோட்டார்ப் பந்தயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். அதே திருவள்ளூர் ஜில்லாவில்தான் சோழவரம் இருக்கிறது. இரண்டாவது உலக யுத்த காலத்து விமானத் தளத்தில், நாடு சுதந்திரமடைந்த பிறகு சென்னை மோட்டார் விளையாட்டுச் சங்கத்தார் பல்லாண்டு பந்தயம் நடத்தினர். செங்குன்றத்துக்கு அப்பால் ஜனங்கள் திரள் திரளாகச் சென்று பார்த்தனர். 1990-ல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரமான தடம் அமைந்தது. 2024-ம் வருஷம் ஆகஸ்டு 31-ந் தேதியும் மறுநாளும் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிய 3.5 கிலோ மீட்டர் வீதித் தடத்தில், மின்விளக்கொளியில், பந்தயம் நடந்தது. முந்திய டிசம்பரில் நடக்க வேண்டிய அது, மிச்சாங் புயல் வெள்ளத்தினால் ஒத்திவைக்கப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

முகத்துவாரம் மணலால் தூர்ந்து ஏரி வாடும்போது, நகரத்தில் மோட்டார்ப் பந்தயம் எதற்கு என்று சிலர் ஆட்சேபிக்கிறார்கள். அவர்களுடைய கோபத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. கடல் நீர் உள்ளே வராவிட்டால் இறாலுமில்லை, மீனுமில்லை, பாடுமில்லை. ஆகவே முகத்துவாரத்தைத் திறந்து வைப்பது சர்க்காரின் முதற் கடமை. எனினும், ஏழையின் பிள்ளைக்குச் சோறு போதும், சந்தோஷமும் தேர்ச்சியும் வேண்டாம் என்று நாம் சொல்ல மாட்டோம். பந்தயம் நடத்துகிற சர்க்காரும் சங்கங்களும் செய்ய வேண்டிய காரியம் வேறு ஒன்று உண்டு. 2023-ம் வருஷம் கட்டாரில் மக்லாரன் அணியினர் நான்கு சக்கரங்களையும் 1.80 விநாடியில் மாற்றினார்கள். அது ஓட்டியின் சாமர்த்தியமன்று, தொழிலாளிகளின் கைத்திறன். நடுக்கடலில் நின்றுபோன எஞ்சினை அலையாட்டத்தின் நடுவே பிரித்துப் பூட்டுகிற பழவேற்காட்டு வாலிபனுக்கு அந்தக் கைத்திறன் வராதா? தொழிற்பள்ளிகளில் அவனுக்கு இடமும் சம்பளச் சலுகையும் அளித்து, பந்தய மைதானத்தின் தொழிற்கூடத்துக்குள் அவனை அழைத்துச் சென்றால், ஆட்சேபத்தில் பாதி அடங்கிவிடும். வெளியிலிருந்து கைதட்ட மட்டும் அவனை அழைப்பது மரியாதையன்று.

வாலிபர்களுக்கும் ஒரு வார்த்தை. பந்தயம் தடத்துக்கு உரியது. பொது வீதிக்கு உரியதன்று. சகல பாதுகாப்புகளும் உள்ள இருங்காட்டுக்கோட்டைத் தடத்திலேயே 2023-ம் வருஷம் ஆகஸ்டில் பெங்களூரைச் சேர்ந்த பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் உயிரிழந்தான். தலைக்கவசம்கூட இன்றிப் பொன்னேரிச் சாலையில் வேகம் காட்டுவது வீரமாகாது.

அபிமானம் நல்லது. அபிமானமில்லாத ஜனசமூகத்தில் ஆட்டமுமில்லை, கலையுமில்லை. ஆனால் நம் அபிமானத்துக்குரியவன் தோற்கும்போது நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதே அதற்குப் பரீட்சை. கட்டாரில் தடுமாறிய அந்த வாலிபனுக்கு ஏற்பட்டது நாளை நம் நாட்டுப் பிள்ளை ஒருவனுக்கும் ஏற்படலாம். ஆகையால், வென்றவனை வாழ்த்துவோம், தவறியவனை மன்னிப்போம், மாற்றியவர்களிடம் முறை எதுவென்று தைரியமாகக் கேட்போம். பழவேற்காட்டுக் கரையில் வலை பின்னிய பெரியவருக்கு இது தெரிந்திருக்கிறது. படித்தவர்களும் தெரிந்துகொள்வார்களாக.