சவுண்ட் செக்: தலையைக் குனிஞ்சா சுருதி இறங்கும்!

‘ஃப்யூஷன்’னு பேனர் கட்டின மேடையில வழக்கமா என்ன நடக்கும்? ஒரு கிடார், ஒரு கீபோர்டு, ஓரமா ஒரு புல்லாங்குழல்... எல்லாரும் ஒரே நேரத்துல வாசிப்பாங்க. டிரம்ஸ் மட்டும் கேட்கும்! அந்தக் கடுப்புல இருக்குற மக்களே, இந்த வாரம் ஜப்பான் மூங்கிலைக் கொஞ்சம் கேட்போம்.

பேரு ஷாகுஹாச்சி. பேரே அளவுதான். ஒரு ஷாகு, எட்டு சுன். நம்ம ஸ்கேல்ல 54.5 சென்டிமீட்டர். குறுக்கே பிடிக்கக் கூடாது, நேரா பிடிச்சு நுனியில ஊதணும். முன்னாடி 4 துளை, பின்னாடி 1, அவ்வளவே. கிடைக்கிறது டி, எஃப், ஜி, ஏ, சி. நம்ம சுத்த தன்யாசி ஸ்வரங்கள் அப்படியே! மிச்ச ஸ்வரமெல்லாம் எங்கேன்னா, கழுத்துல இருக்கு. துளையைப் பாதி மூடி, தாடையைத் தாழ்த்தினா சுருதி இறங்கும். அதுக்குப் பேரு ‘மெரி’. தலையாட்டப் பழகவே மூணு வருஷம் ஆகும்னு அங்கே ஒரு பழமொழி. (நாலு வருஷ இன்ஜினீயரிங்ல நாமளும் அதைத்தானே கத்துக்கிறோம்!)

ரெண்டு பக்கமும் திறந்த குழாய்க்கு நம்ம ஃபிசிக்ஸ் ஃபார்முலாவைப் போட்டா 315 ஹெர்ட்ஸ் வருது. நிஜத்துல வாசிக்கிற அடி ஸ்வரம் சுமார் 294. உதடு வாயைப் பாதி மூடுறதால குழாய் நாலு சென்டிமீட்டர் நீளமான மாதிரி நடந்துக்குது. தலை குனிஞ்சா இன்னும் மூடும், சுருதி இன்னும் இறங்கும். மேட்டர் ஓவர்.

இங்கேதான் கிடாரோட சண்டை. மெரி ஸ்வரம் இயல்பாவே மெலிசு, கொஞ்சம் மங்கலான குரல். கிடார்க்காரர் ஆறு தந்தியையும் சேர்த்து ஒரு இழுப்பு இழுத்தா போச்சு. அதனால விரலால ஒவ்வொரு தந்தியா மீட்டுற ஸ்டைல்தான் ஒத்துவரும். ஹவாயில ‘ஸ்லாக் கீ’னு ஒரு வகை உண்டு. சில தந்திகளைத் தளர்த்தி சுருதி மாத்தி, கட்டைவிரல் அடித்தந்திகளைப் பார்த்துக்க, மத்த விரல்கள் மெட்டு வாசிக்கும். ஜெஃப் பீட்டர்சனோட இந்தக் கிடாரும் ரைலி லீயோட மூங்கிலும் சேர்ந்த ஆல்பம் ‘ஹலேயாகலா’. ரைலி லீ சும்மா ஆள் இல்லை. ஷாகுஹாச்சியில ‘தை ஷிஹான்’ங்கிற பெரிய குரு பட்டத்தை 1980-ல வாங்கின முதல் வெளிநாட்டவர்.

தாளம்? அது இன்னும் சிக்கல். பழைய ‘ஹோன்க்யோகு’ பாடல்களுக்குத் தாளக் கட்டே கிடையாது. ஒரு மூச்சு, ஒரு வரி. நடுவுல வர்ற அமைதியும் சங்கீதம்தான், அதை ‘மா’ன்னு சொல்றாங்க. அங்கே கம்ப்யூட்டர் லூப்பை ஓட்டினா மூச்சு செத்துடும். இன்னொண்ணு, ஊதுறப்ப வர்ற ‘புஸ்ஸ்’ சத்தம் மேல் அலைவரிசையில இருக்கு. ஷேக்கரும் சிம்பலும் அதே ஏரியா! அதனால ஜெம்பேயோட அடி ஒலி, பெரிய தைகோ மாதிரி கீழே நிக்கிற தோல் வாத்தியங்கள் என் சாய்ஸ். ரைலி லீயும் இயன் க்ளீவொர்த்தும் 1997-ல ஆஸ்திரேலியாவில ஆரம்பிச்ச ‘தைகோஸ்’ குழு தைகோ டிரம்ஸையும் இந்த மூங்கிலையும் ஒரே மேடையில வெச்சது.

‘புனிதமான வாத்தியத்தைக் கெடுக்கலாமா?’னு கேட்பாங்க. ஒருகாலத்துல இதை ஊதினவங்க தலையில கூடை கவிழ்த்துக்கிட்ட ஃபூகே பிரிவு துறவிகள்தான், உண்மை. 1871-ல மெய்ஜி அரசு அந்தப் பிரிவையே கலைச்சிடுச்சு. மடம் போச்சு. கோட்டோ, ஷாமிசென் தந்திகளோட கச்சேரி மேடையில சேர்ந்து வாசிச்சுத்தான் ஷாகுஹாச்சி பிழைச்சுது. கலப்பு அதுக்குப் புதுசில்லை பாஸ்!

எனக்குக் கடுப்பு வேற இடத்துல. 1986-ல பீட்டர் கேப்ரியலோட ‘ஸ்லெட்ஜ்ஹாமர்’ ஆரம்பத்துல வர்ற குழல், சாம்ப்ளர் பட்டன்ல வந்தது. பாட்டு சூப்பர்தான். ஆனா அதுக்கப்புறம் ‘மர்மமான கிழக்கு’ வேணும்னா அந்தப் பட்டன்னு ஆகிப்போச்சு. மூணு வருஷம் தலையாட்டினவருக்கு அங்கே என்ன வேலை?

அதுக்கு நேர் எதிர், 1967-ல தோரு தாகெமித்ஸு எழுதின ‘நவம்பர் ஸ்டெப்ஸ்’. நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு முன்னாடி ஒரு ஷாகுஹாச்சி, ஒரு பிவா. ரெண்டு பக்கத்தையும் அவர் கரைச்சுக் கலக்கலை, எதிரெதிரே நிக்க வெச்சார். கடைசிப் பகுதியில அந்த ரெண்டு வாத்தியம் மட்டும் நீளமா பேசிக்கும். ஆர்க்கெஸ்ட்ரா வாயை மூடிக்கிட்டுக் கேட்கும்.

முதல்ல ‘ஹலேயாகலா’, அப்புறம் இது. ராத்திரி, ஹெட்போன்ல. ஹாஸ்டல் ஃபேனை மட்டும் ஆஃப் பண்ணிடுங்க, எது மூச்சு எது காத்துன்னு தெரியாது!