வளையும் கழுத்தை இழுக்காதீங்க!

‘‘எங்க பொண்ணு ரப்பர் மாதிரி வளைவா... மாமாவுக்குச் செஞ்சு காட்டுடி கண்ணு!’’

உடனே குழந்தை கட்டை விரலை மடக்கி முன்னங்கையில் ஒட்ட வைக்கும். முட்டி மடங்காமல் குனிந்து உள்ளங்கைகளைத் தரையில் பதிக்கும். நாமும் கைதட்டுவோம். அடுத்த மாசமே யோகா போட்டிக்குப் பேர் கொடுத்துவிடுவோம்.

அதே பெண் காலேஜ் போகிற வயதில், ‘‘கழுத்து வலி தாங்கலைம்மா, தலையே பாரமா இருக்கு’’ என்றால்? ‘‘எந்நேரமும் செல்போனைப் பார்த்தா வலிக்காம என்ன செய்யும்?’’ என்று வாயை அடைத்துவிடுகிறோம். எக்ஸ்ரேயில் பல சமயம் ஒரு கோளாறும் தெரியாது. உடனே ‘வேலை செய்யாம இருக்கச் சாக்கு’ என்ற பட்டம் வேறு!

இது சாக்கு இல்லை என்பதுதான் என் கட்சி.

எலும்போடு எலும்பை இழுத்துக் கட்டியிருப்பவை ‘லிகமென்ட்’ எனும் நார்கள். கொலாஜன் என்ற புரதம்தான் அவற்றுக்கு உறுதி. சிலருக்குப் பிறவியிலேயே இந்த நார்கள் தளர்ந்திருக்கும். இதைத்தான் ‘ஹைப்பர்மொபிலிட்டி’ என்கிறார்கள். இதில் ‘ஏலர்ஸ்-டான்லோஸ்’ என்ற பரம்பரைக் குறைபாடும் உண்டு. 2017-ல் அதை 13 வகையாகப் பிரித்தார்கள். அதிகம் காணப்படும் மூட்டுத் தளர்ச்சி வகைக்கு ரத்தப் பரிசோதனையே கிடையாது. டாக்டர் உடம்பைச் சோதித்து, குடும்ப வரலாறு கேட்டுத்தான் சொல்ல முடியும்.

அதற்கு ஒரு 9 மார்க் சோதனை இருக்கிறது. சுண்டு விரல் பின்பக்கம் 90 டிகிரிக்கு மேல் சாய்வது, கட்டை விரல் முன்னங்கையைத் தொடுவது, முழங்கையும் முழங்காலும் 10 டிகிரிக்கு மேல் பின்னால் வளைவது... இவை நான்குக்கும் இரண்டு பக்கமும் சேர்த்து 8. உள்ளங்கை தரையைத் தொட்டால் 1. பெரியவர்களுக்கு 5 வந்தால் கவனிக்க வேண்டும். ஆனால் பயப்படாதீங்க. குழந்தைகள் இயல்பாகவே வளைவார்கள். வளைகிறவர்கள் எல்லாம் நோயாளிகளும் இல்லை. வளைவதோடு வலியும் சேர்ந்தால்தான் விஷயம்.

சரி, தளர்ந்த கழுத்து ஏன் ‘இறுக்கமா’ இருக்கு? கயிறு தளர்ந்த பந்தலை நினைத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் கம்பத்தைக் கையால் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். கை கடுக்கத்தானே செய்யும்? சுமார் 5 கிலோ தலையைத் தாங்க, நார் செய்ய வேண்டிய வேலையைத் தசை செய்கிறது. அதனால்தான் இறுக்கம். அந்த நேரத்தில் ‘நல்லா இழுத்து விடு, சரியாயிடும்’ என்பது, பிடித்திருப்பவர்களைக் கையை விடச் சொல்வது மாதிரி!

முடி வெட்டும் இடத்தில் கழுத்தைத் திருப்பி ‘படக்’கென்று நெட்டி எடுக்கிறார்களே, அது யாருக்குமே வேண்டாம். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வரை போகலாம். தளர்ந்த உடம்புக்காரர்கள் சுளுக்கு வழிக்கவும் கழுத்தை நீட்டக் கூடாது. சிரசாசனம், ஹலாசனம், சர்வாங்காசனம் மூன்றும் இவர்களுக்கு ஆகாது.

பின்னே என்னதான் செய்வது? இழுக்காதீங்க, பலப்படுத்துங்க! நெற்றியில் உள்ளங்கையை வைத்து, தலை அசையாமல் மெல்ல 5 விநாடி அழுத்துவது, அப்புறம் பக்கவாட்டில், பின்னால். பிசியோதெரபிஸ்ட் முன்னால் பழகிவிட்டு வீட்டில் தொடரலாம். பலன் தெரிய மாதக் கணக்கில் ஆகும். கழுத்துப் பட்டையை நாளெல்லாம் மாட்டிக்கொண்டால் தசை இன்னும் பலவீனமாகும். டாக்டர் சொன்ன நேரத்துக்கு மட்டும் போடுங்கள். குப்புறப் படுக்க வேண்டாம். ஒருக்களித்தால் தோளுக்கும் காதுக்கும் நடுவே உள்ள இடைவெளியை நிரப்பும் அளவு தலையணை போதும். அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து நடக்கணும்.

கை மரத்துப் போவது, பிடித்த பொருள் நழுவுவது, நடை தள்ளாடுவது, இரட்டைப் பார்வை, விழுங்கச் சிரமம், சிறுநீர் அடக்க முடியாமை... இதில் எது தெரிந்தாலும் தைலம் தேய்த்துக்கொண்டு உட்காராதீங்க. அன்றைக்கே ஆஸ்பத்திரி!

வளைகிற குழந்தையைக் கைதட்டி வளர்த்தவர்கள் நாம். அது ‘வலிக்குது’ என்று சொல்லும்போது கொஞ்சம் காது கொடுக்கவும் கடமைப்பட்டவர்கள். பாராட்டு அப்போது எதற்கு? நம்பினால் போதும்.