துத்தநாகம் மழையோடு போய்விடாது

குதிரைமசால், வேலிமசால் வளர்க்கும் மாட்டுப் பண்ணைகளில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது: "நுண்ணூட்டம் கொஞ்சம் கூடப் போனால் என்ன? செடி வேண்டியதை எடுத்துக்கொள்ளும், மிச்சம் மழையோடு போய்விடும்." இந்த நம்பிக்கை காசையும் மண்ணையும் சேர்த்தே கெடுக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"வேண்டியதை மட்டும் எடுக்கும்." இல்லை. போரான் நீரோடு வேரிலிருந்து ஏறி, நீர் ஆவியாகும் இலை விளிம்பில் தங்கிவிடும். மிஞ்சினால் முதிர்ந்த இலையின் நுனியும் ஓரமும் மஞ்சளாகிக் கருகும். குதிரைமசால் ஓரளவு தாங்கும். தட்டைப்பயறு அவ்வளவு தாங்காது.

"மிச்சம் மழையோடு போகும்." துத்தநாகமும் தாமிரமும் மண்துகளைப் பற்றிக்கொண்டு மேல்மண்ணிலேயே கிடப்பவை. இங்கிலாந்தின் வோபர்ன் பண்ணையில் 1942 முதல் 1961 வரை கழிவுநீர்க் கசடு இட்டார்கள். அதில் வந்த துத்தநாகமும் தாமிரமும் காட்மியமும், இடுவதை நிறுத்தி இருபது ஆண்டுகள் கடந்தும் அங்கேயே இருந்தன. அந்த மண்ணில் வெள்ளை குளோவர் என்ற பயறினத் தீவனம் சரியாக வளரவில்லை.

"பயறினம்தானே, வேர்முடிச்சு காப்பாற்றும்." முதலில் அடிபடுவதே அந்த முடிச்சுதான். வோபர்னில் செடி பிழைத்தது. ஆனால் முடிச்சில் நைட்ரஜனைப் பிடித்துத் தரும் ரைசோபியம் பாக்டீரியா அழிந்து, பயன்படாத வகையே எஞ்சியது. உங்கள் வயலிலும் பார்க்கலாம். வளர்ந்த செடி ஒன்றை மண்ணோடு தோண்டி எடுத்து, முடிச்சை நகத்தால் கிள்ளுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. சிறுத்து வெளுத்திருந்தால் நடக்கவில்லை.

"இலை வெளுத்தால் சத்துக் குறைவு, இன்னும் போடு." துத்தநாகம் மிஞ்சினாலும் தளிர் வெளுக்கும், இரும்பைச் செடிக்கு எட்டவிடாமல் அது தடுப்பதே காரணம். அப்போது மேலும் போடுவது நோயையே மருந்தாகக் கொடுப்பது.

"தீவனம் பச்சையாக இருக்கிறதே." இங்கிலாந்தின் சாமர்செட் மேய்ச்சல் நிலங்களும் பச்சையாகத்தான் இருந்தன, மேய்ந்த மாடுகளோ கழிந்து மெலிந்தன. தீவனத்தில் மிஞ்சிய மாலிப்டினம் என்ற நுண்ணூட்டமே காரணம் என்று 1938இல் தெரிந்தது. மாட்டின் உடலில் தாமிரம் பயன்படாமல் அது தடுத்திருந்தது. தாமிர சல்பேட் கொடுத்ததும் மாடுகள் தேறின.

குறை இருந்தால் இடத்தான் வேண்டும். தெற்கு ஆஸ்திரேலியாவில் 1942இல் குளோவரைத் தழைக்க வைத்ததும் இதே மாலிப்டினம்தான். ஆனால் மிகச் சிறிய அளவில். ஆகவே மூட்டையைப் பிரிக்கும் முன் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். குறைந்ததை அடுத்த பருவத்தில் இட்டுக்கொள்ளலாம். மிஞ்சிய துத்தநாகத்தை மண்ணிலிருந்து திரும்ப எடுக்க எளிய வழியில்லை.