சிங்களரும் இலங்கையரும்

நம் மாணவருட் பலர் இங்கிலீஷ் வியாசங்களில் இலங்கையர் யாவரையும் 'சிங்களீஸ்' என்று எழுதிவிடுகின்றனர். அஃது ஓர் இனத்துக்கும் அதன் மொழிக்குமே உரிய சொல். நாட்டுக் குடிகள் அனைவர்க்கும் பொதுவானது, 1972-ல் தேசத்தின் பெயர் மாறும்வரை 'சிலோனீஸ்', பின்னர் 'ஸ்ரீலங்கன்'. (தேயிலை மட்டும் இன்னும் 'சிலோன்' பெயரிலேயே விலை போகிறது!) யாழ்ப்பாணத்துத் தமிழரையும் காத்தான்குடி முஸ்லிம்களையும் சிங்களீஸ் என்றால் அவர் வருந்தாரோ?

பொருநைக் கரையினராகிய நமக்கு இதில் சிரத்தை மிகுதியும் வேண்டும். தூத்துக்குடியிற் கப்பலேறிக் கண்டிச் சீமைத் தோட்டங்களுக்குச் சென்றவருள் நம் ஜில்லாவினரும் உளர். அவர் சந்ததியார் அந்நாட்டுக் குடிக்கணக்கில் 'இந்தியத் தமிழர்' எனப் பதியப்பட்டனர். 1948-ஆம் வருஷச் சட்டத்தால் பெரும்பாலோர் குடியுரிமையின்றி நின்றனர். 1964-ஆம் வருஷ ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை ஏற்க இந்தியா இசைந்தது. அவ்வாறு வந்தவரை நம்மூரார் அழைத்ததோ 'சிலோன்காரர்' என்று! நமக்கு அடைமொழி பிழைத்தால் மதிப்பெண் ஒன்று குறையும். அவர்க்கு வாக்குரிமையும் கடவுச்சீட்டும் அதனைப் பற்றியே நின்றன.

நாடற்று அங்கே எஞ்சியிருந்தோர்க்கு 2003-ஆம் வருஷச் சட்டம் குடியுரிமை அளித்தது. அவரையும் 'ஸ்ரீலங்கன்' என்றே எழுதுக.