வளரும் நாய்க்குட்டியின் கால் எலும்பும் கல்சியம் போத்தலும்: எமது நிலைப்பாடு

தம்புள்ளையிலும் சுற்றுவட்டாரத்திலும் நாய்களின் நலனுக்காக இயங்கும் எமது சங்கம், வளரும் குட்டிகளின் கால் எலும்பு பற்றிய தன் நிலைப்பாட்டை இவ்வறிக்கையின் மூலம் பகிரங்கமாக அறிவிக்கிறது. கால்நடை வைத்தியர் பார்த்துச் சொல்லாமல் எந்தக் குட்டிக்கும் கல்சியம் சிரப், மாத்திரை, பவுடர் கொடுக்கக் கூடாது. குட்டி விற்பவர்கள் அந்தப் போத்தலைக் கையில் கொடுத்து அனுப்பவும் கூடாது. கால் வளைகிறதென்றால் முதலில் பார்க்கவேண்டியது குட்டியின் சாப்பாட்டை.

பொருளாதார மத்திய நிலையத்தைச் சுற்றியுள்ள கடைகளுக்கும் களஞ்சியங்களுக்கும், வெளியே உள்ள தோட்டங்களுக்கும் காவல் நாய் தேவைப்படுகிறது. ஜேர்மன் ஷெப்பர்ட், ரொட்வைலர், அவற்றின் கலப்புக் குட்டிகளை விரும்பி வாங்குகிறார்கள். 2022 நெருக்கடியில் ரூபாய் சரிந்து பக்கட் நாயுணவின் விலை ஏறிய பிறகு, சோறும் கோழி ஈரலும், அல்லது சோறும் எலும்பில்லாத இறைச்சியும்தான் பல குட்டிகளின் அன்றாடச் சாப்பாடு. அன்போடுதான் கொடுக்கிறார்கள். குட்டியும் கொழுகொழுவென்றுதான் இருக்கும். ஆனால் மூன்று நான்கு மாதத்தில் முன்னங்கால் மணிக்கட்டு உள்வாங்கி, பாதம் வெளிப்பக்கம் திரும்பி, விரல்கள் விரிந்து போகும்.

காரணம் எளிது. வளரும் குட்டிக்குப் பொஸ்பரஸைவிடக் கல்சியம் சற்றுக் கூடுதலாக வேண்டும். எலும்பில்லாத இறைச்சியிலோ ஒரு பங்கு கல்சியத்துக்கு 15 முதல் 20 பங்கு வரை பொஸ்பரஸ் இருக்கிறது. ஈரலில் நிலைமை இன்னும் மோசம். சோற்றிலும் கல்சியம் மிகக் குறைவு. இரத்தத்தில் கல்சியம் குறையாமல் காக்க, கழுத்திலுள்ள பாராதைரொயிட் சுரப்பி எலும்பிலிருந்தே அதைக் கரைத்து எடுக்கிறது. இரத்தப் பரிசோதனை சரியாக இருக்கும். எலும்பு மட்டும் மெலிந்துகொண்டே போகும். கதிரையிலிருந்து குதித்தாலே கால் முறியும் நிலைக்கு அது வரக்கூடும்.

"வெயிலில் கட்டிவிடுங்கள், சரியாகிவிடும்" என்ற ஆலோசனை எங்கள் ஊரில் தாராளமாகக் கிடைக்கிறது. மனிதக் குழந்தைக்குப் பொருந்துவது நாய்க்குப் பொருந்தாது. வெயில் பட்டால் நாயின் தோலில் போதிய விற்றமின் டி உருவாவதில்லை. அதற்கு அது சாப்பாட்டின் வழியாகவே கிடைக்க வேண்டும். உச்சி வெயிலில் கட்டப்பட்ட குட்டிக்கு மிஞ்சுவது வெப்பத் தாக்கு மட்டுமே.

அப்படியானால் கல்சியம் கொடுப்பதில் என்ன தவறு என்று கேட்பார்கள். பெரிய இனக் குட்டிகளில்தான் தவறு பெரிதாகத் தெரிகிறது. முதல் ஆறு மாதங்களில் குடலுக்குள் வரும் கல்சியத்தில் வேண்டாததை ஒதுக்கும் திறன் குட்டிக்கு மிகக் குறைவு. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஹசெவிங்கல் குழுவினர் கிரேட் டேன் குட்டிகளை வைத்துச் செய்து 1985இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. உணவில் 3.3 சதவீதம் கல்சியம் பெற்ற குட்டிகளின் எலும்பும் குருத்தெலும்பும் ஒழுங்கு குலைந்து வளர்ந்தன. ஏற்கெனவே நல்ல நாயுணவு சாப்பிடும் ரொட்வைலர் குட்டிக்கு மேலதிகமாக ஊற்றும் சிரப், நேராக வளரவேண்டிய காலைக் கோணலாக்கும் வாய்ப்பே அதிகம். "எலும்பு கனமான குட்டி" என்று சொல்லிக் கொழுக்க வைப்பதும் அதே அளவு கேடானது. அமெரிக்காவில் 48 லாப்ரடோர்களை வாழ்நாள் முழுதும் கவனித்த ஆய்வில், 25 சதவீதம் குறைவாக உணவு பெற்றவற்றுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு குறைவாக இருந்தது; ஆயுளும் கிட்டத்தட்ட இரண்டு வருடம் கூடியது.

எல்லா வளைவும் சாப்பாட்டால் வருவதல்ல. முன்னங்காலின் அல்னா எலும்பு நீள்வது பெரும்பாலும் மணிக்கட்டுக்கு அருகிலுள்ள வளர்ச்சித் தட்டிலிருந்துதான். லொறித் தட்டிலிருந்து விழுந்தாலோ மோட்டார் சைக்கிளில் அடிபட்டாலோ அந்தத் தட்டு நசுங்கி மூடிக்கொள்ளும். பக்கத்து எலும்பு வளர்ந்துகொண்டே போக, கால் வில்லாக வளையும். அடிபட்ட அன்று எதுவும் தெரியாது. சில வாரம் கழித்தே தெரியும். வளர்ச்சி மீதமிருக்கும் காலத்துக்குள் சத்திரசிகிச்சை செய்தால் திருத்த முடியும். கல்சியம் போத்தலோடு இரண்டு மாதம் காத்திருந்தால் அந்தக் காலம் கைநழுவிவிடும். எங்களை அதிகம் வருத்துவது இதுதான்.

மனிதருக்கான வலி மாத்திரைகளை ஒருபோதும் கொடுக்காதீர்கள். ஐபுபுரொஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவை குட்டியின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

குட்டி விற்பவர்களிடம் நாங்கள் கேட்பது, எட்டு வாரம் நிறையுமுன் தாயிடமிருந்து பிரிக்க வேண்டாம். தாய் தந்தை நாய்களின் கால், இடுப்புக் குறைகளை மறைக்க வேண்டாம். வளர்ப்பவர்களிடம் கேட்பது, "வளரும் குட்டிகளுக்கு" என்று பக்கட்டில் எழுதியிருக்கும் முழுமையான உணவை முடிந்தவரை கொடுங்கள். பெரிய இனமென்றால் அதற்கென உள்ளதையே வாங்குங்கள். கட்டுப்படியாகாதவர்கள் வீட்டுச் சாப்பாட்டை வைத்தியரிடம் சொல்லி, எதை எவ்வளவு சேர்ப்பது என்று எழுதி வாங்குங்கள். நெத்தலியை முள்ளோடு அவித்துச் சேர்ப்பது நல்லதே, ஆனால் அது மட்டும் போதாது. உப்புக் கருவாடு வேண்டாம். வழுக்கும் டைல்ஸ் தரையில் ஒரு சாக்கையாவது விரித்துவிடுங்கள்.

மாகாண, மத்திய அதிகாரிகளிடம் ஒரு கோரிக்கை. எலும்புச் சிகிச்சைக்கு இங்கிருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடைப் போதனா வைத்தியசாலை 70 கிலோமீற்றருக்கு மேல். கூலி வேலை செய்பவருக்கு அது ஒரு நாள் சம்பளமும் போக்குவரத்துச் செலவும். தம்புள்ளையிலேயே குறைந்த கட்டணத்தில் எக்ஸ்ரே எடுக்கும் வசதி வேண்டும்.

வாரத்துக்கு ஒருமுறை குட்டியைச் சீமெந்துத் தரையில் நிறுத்தி, முன்னால் குந்தியிருந்து இரண்டு முன்னங்கால்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வளைவு, மணிக்கட்டுக்கு மேலே சூடான வீக்கம், நொண்டல், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த தடுப்பூசித் திகதி வரை காத்திராமல் அந்த வாரமே கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோங்கள். கொடுக்கும் உணவின் பக்கட்டையும் மருந்துப் போத்தலையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள்.