பளபளப்புக்கு அடியில்

பழைய மகிழுந்து ஒன்று புதுப்பிக்கப்பட்டுச் சாலைக்கு வரும்போது, பார்ப்பவர்கள் அதன் நிறத்தையும் பளபளப்பையும் பாராட்டுகின்றனர். அந்தப் பளபளப்பைத் தாங்கி நிற்கும் வேலை யார் கண்ணிலும் படுவதில்லை. ‘சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும்’ என்பது பழமொழி. மகிழுந்தின் உடற்பகுதியைப் பக்குவப்படுத்தி முதற்பூச்சு இடுவதுதான் அந்தச் சுவர். சாயம் அடிக்கும் ஒரு நாள் வேலையைவிட, அதற்கு முன்னர்ப் பல நாள் தேய்த்தும் நிரப்பியும் உலர்த்தியும் செய்யப்படும் வேலையே மகிழுந்தின் அழகு எத்தனை ஆண்டு நிலைக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஆயினும், படிப்பு ஏறாதவர்கள் போய்ச் சேரும் இடமே பட்டறை என்னும் எண்ணம் இன்னும் மறையவில்லை. அவ்வெண்ணம் தவறானது.

இதனைத் தெளிவாக எடுத்துக்காட்டுவது கண்ணாடியிழையால் ஆன ஸ்போர்ட்ஸ் ரக மகிழுந்து. மெல்லிய கண்ணாடி இழைகளை அச்சில் அடுக்கி, பிசினில் தோய்த்து இறுகச் செய்தால், எடை குறைந்த, துருப்பிடிக்காத உடற்பகுதி கிடைக்கும். அமெரிக்காவின் செவ்ரோலெட் நிறுவனம் 1953ஆம் ஆண்டில் இம்முறையில் கோர்வெட் மகிழுந்தை வெளியிட்டது. இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனம் 1957இல் எலீட் மகிழுந்தையும் 1962இல் எலான் மகிழுந்தையும் கண்ணாடியிழை உடலுடன் அறிமுகப்படுத்தியது. மலேசியாவுக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. 1996இல் புரோட்டோன் நிறுவனம் லோட்டசின் பெரும்பங்கை வாங்கி, 2017 வரை அதனைத் தன்வசம் வைத்திருந்தது. அதே புரோட்டோன்தான் பேரா மாநிலத்தின் தஞ்சோங் மாலிமில் பெரிய மகிழுந்துத் தொழிற்சாலையை நிறுவியது. 1996இல் விற்பனைக்கு வந்த லோட்டஸ் எலீஸ் மகிழுந்தின் வெளியுடலும் கண்ணாடியிழையே. இத்தகைய மகிழுந்துகள் இப்போது பழமையடைந்து, புதுப்பிக்கும் கைகளுக்காகக் காத்திருக்கின்றன.

துருப்பிடிக்காத பொருள் என்பதால் வேலை எளிது என்று பலர் நினைக்கின்றனர். உண்மை அதற்கு நேர்மாறானது. முதலில் உடற்பகுதியைச் சவர்க்கார நீரால் கழுவி, மெழுகையும் எண்ணெய்ப் பசையையும் அதற்குரிய திரவத்தால் துடைத்தெடுக்க வேண்டும். அவ்வாறு செய்யாமல் உப்புத்தாளால் தேய்த்தால், மெழுகு கீறல்களுக்குள் புகுந்துவிடும். பின்னர்ப் பூசும் சாயம் அவ்விடத்தில் ஒட்டாது. அடுத்து, பழைய சாயத்தை அகற்ற வேண்டும். இரும்பு உடலில் பயன்படுத்தும் கடுமையான சாய நீக்கிகளைக் கண்ணாடியிழையில் தடவினால், அவை சாயத்தோடு நில்லாமல் பிசினையும் தாக்கக்கூடும். ஆதலால், கைகளால் பொறுமையாகத் தேய்ப்பதே பெரும்பாலும் பாதுகாப்பான வழி. அதற்கும் எல்லை உண்டு. கண்ணாடியிழையின் மேல் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிப்புள்ள மேற்படலம் மட்டுமே இருக்கும். அதனைத் தாண்டித் தேய்த்தால் இழை வெளியே வந்துவிடும்.

இந்த நுட்பம் பேரா மாநிலத் தமிழர்களுக்குப் புதிதன்று. 1877இல் நடப்பட்டதாகக் கருதப்படும் ரப்பர் மரம் ஒன்று கோலகங்சாரில் இன்றும் நிற்கிறது. அதன் பின்னர்ப் பரவிய தோட்டங்களில், தலைமுறை தலைமுறையாகப் பால்மரம் சீவியோர் இதே அளவறிவோடுதான் உழைத்தனர். சீவும் கத்தி, பட்டைக்கு அடியிலுள்ள வளர்படலத்தை எட்டுவதற்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இருக்கும்போதே நின்றுவிட வேண்டும். ஆழம் குறைந்தால் பால் குறையும். ஆழம் மிகுந்தால் மரம் காயப்பட்டு, புதிய பட்டை மேடும் பள்ளமுமாக வளரும். விடியற்காலையின் மங்கிய வெளிச்சத்தில் கத்தி எங்கே நிற்க வேண்டும் என்பதை அவர்களுடைய கை அறிந்திருந்தது. அதனை யாரும் கல்வி என்று அழைக்கவில்லை. அதற்குச் சான்றிதழும் வழங்கவில்லை. பின்னாளில் பல தோட்டங்கள் செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறின. குடும்பங்கள் ஈப்போ போன்ற நகரங்களுக்குக் குடிபெயர்ந்தன. உளியும் கத்தியும் பிடித்தவர்களின் பேரப்பிள்ளைகள் உப்புத்தாள் பிடிக்கும்போதும் அதே அவமதிப்புத் தொடர்வது முறையாகாது.

பழைய சாயம் நீங்கிய பிறகே உடற்பகுதியின் உண்மை நிலை தெரியவரும். நட்சத்திரம் போன்று விரிந்த வெடிப்புகள் தென்பட்டால், அவற்றின்மேல் புட்டியைப் பூசி மறைப்பது எளிது. ஆனால், வெடிப்பின் காரணம் பெரும்பாலும் உள்ளே இருக்கும். வெடிப்பை முழுமையாகத் தேய்த்து அகற்றி, பின்பக்கத்தில் புதிய இழைப்பாயைப் பிசினுடன் ஒட்டி வலுப்படுத்திய பின்னரே மேற்பரப்பை நிரப்ப வேண்டும். இழை வெளிப்பட்ட இடங்களில் நீர் படக்கூடாது. வெளிப்பட்ட இழை ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். அது பின்னர்ச் சாயத்தின்கீழ்க் கொப்புளமாகக் கிளம்பும். அடிக்கடி மழை பெய்யும் ஈப்போ போன்ற ஊரில் இது பெரிய சோதனை. காற்றின் ஈரப்பதம் 85 விழுக்காட்டைத் தாண்டும்போது பூச்சு வேலையைத் தள்ளிவைப்பதே நல்ல பட்டறையின் வழக்கம். காத்திருப்பதும் வேலையின் ஒரு பகுதிதான்.

அதன் பின்னரே முதற்பூச்சு. எப்பாக்சி முதற்பூச்சு பரப்பை மூடிக் காத்து, அடுத்த பூச்சுக்குப் பிடிமானம் தருகிறது. அதன்மேல் தடிப்பான நிரப்புப் பூச்சு இடப்படுகிறது. நிரப்புப் பூச்சு காய்ந்ததும், கருநிறச் சாயத்தை மிக மெல்லியதாகத் தூவி, மட்டமான கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் தேய்ப்பார்கள். மேடான இடங்களில் கருமை விரைவில் அகலும். பள்ளத்தில் அது தங்கி நிற்கும். கண் ஏமாறும் இடத்தையும் இந்தக் கருமை காட்டிக்கொடுக்கும். பள்ளத்தை நிரப்பி, மீண்டும் தூவி, மீண்டும் தேய்க்க வேண்டும். கருமை முழுவதும் ஒரே சீராக அகலும்வரை வேலை முடிந்ததாகக் கொள்வதில்லை.

இவ்வளவு நேரம் செலவிட்டால் கட்டணம் கூடுமே என்று சிலர் வாதிடுவர். அவ்வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. எல்லா உரிமையாளர்களும் செல்வந்தர்கள் அல்லர். ஆனால், அவசரத்தில் செய்த வேலை முதல் வாரம் மட்டுமே மலிவாகத் தோன்றும். சில மாத வெயிலுக்குப் பின் புட்டி அமுங்கும். இழையின் கோலம் சாயத்தின்மேல் தெரியத் தொடங்கும். பழைய வெடிப்புகள் அதே இடத்தில் திரும்பி வரும். அப்போது அனைத்தையும் சுரண்டி எடுத்து மீண்டும் தொடங்க வேண்டியதாகும். ‘பதறாத காரியம் சிதறாது’ என்பதன் பொருளை இங்குக் காணலாம். நிறத்துக்குப் பணம் கொடுக்க முன்வருபவர், அதன் அடியிலுள்ள உழைப்புக்கும் உரிய கூலியைக் கொடுக்க வேண்டும்.

கூலியைவிட முதன்மையானது தொழிலாளியின் உயிர். கண்ணாடியிழைத் தூசு தோலையும் கண்களையும் மூச்சுப்பாதையையும் உறுத்தும். இருபாகப் பாலியூரித்தேன் பூச்சுகளின் கடினமாக்கியில் உள்ள ஐசோசயனேட் என்னும் வேதிப்பொருள் ஆஸ்துமா நோயை உண்டாக்கக்கூடியது. முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வேலை செய்வது துணிவு அன்று, அறியாமை. தூசுக்குத் தக்க முகக்கவசமும், இத்தகைய பூச்சைத் தெளிக்கும்போது தூய காற்றை வெளியிலிருந்து தரும் கவசமும் தேவை. வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் மலேசியாவில் 1994ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. சட்டம் ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. வேலை பழக வரும் இளைஞனின் முகத்தில் கவசம் இருக்க வேண்டும். அதனை வாங்கித் தருவது முதலாளியின் கருணை அன்று, கடமை.

இத்தனை நுணுக்கங்களும் பார்த்துப் பழகுவதால் மட்டும் முழுமையாகக் கைவருவதில்லை. பிசினும் கடினமாக்கியும் எந்த விகிதத்தில் கலக்க வேண்டும், வெப்பம் கூடினால் கலவை ஏன் விரைவில் இறுகுகிறது என்பன வேதியியல் பாடங்கள். ஆகவே, பட்டறை அனுபவமும் முறையான கல்வியும் இணைய வேண்டும். ஈப்போவில் 1969இல் தோன்றிய உங்கு ஒமார் பல்தொழில்நுட்பக் கல்லூரி, தொழில்நுட்பக் கல்விக்குப் பேரா மாநிலத்தில் நீண்ட வரலாறு உண்டு என்பதை உணர்த்துகிறது. ஏற்கெனவே பட்டறையில் பழகியவர்களும் தங்கள் அனுபவத்தைக் கொண்டு மலேசியத் திறன் சான்றிதழைப் பெற வழியுண்டு. மேலும், கண்ணாடியிழை வேலை பழைய மகிழுந்துகளோடு முடிவதன்று. மீன்பிடிப் படகுகளுக்கும் நீர்த்தொட்டிகளுக்கும் காற்றாலை இறக்கைகளுக்கும் இதே அறிவு தேவைப்படுகிறது.

சுருங்கக்கூறின், பளபளப்பை விலைக்கு வாங்கலாம். அதனை நிலைக்கச் செய்யும் பொறுமையையும் அறிவையும் பயின்றே பெற வேண்டும். தொழிற்கல்வியைத் தேர்ந்தெடுக்கும் மாணவனைப் பெற்றோரும் பள்ளியும் தாழ்வாக எண்ணாமல், சான்றிதழுக்கும் பாதுகாப்பான பட்டறைக்கும் வழிகாட்ட வேண்டும். ஒரு காலத்தில் பால்மரத்தின் பட்டையைக் காயப்படுத்தாமல் காத்த கைகளுக்குக் கிடைக்காத மதிப்பு, இன்று உப்புத்தாள் பிடிக்கும் கைகளுக்காவது கிடைக்கட்டும்.