“ஓனர் குடி வரப் போறாராம்!” வீட்டைக் காலி பண்றதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போடுங்க



போன மாசம் எங்க ஊர் அவலூர்பேட்டைக்குப் போயிருந்தேன். சென்னையில ஐ.டி. வேலையில இருக்கிற ஊர்த் தம்பி ஒருத்தர் பஸ் ஸ்டாண்டுல பிடிச்சுக்கிட்டார். “அண்ணா, ஓனர் பையனுக்குக் கல்யாணமாம். ஒரு மாசத்துல காலி பண்ணச் சொல்றார். அப்படிச் சொல்ல முடியுமா?”

சொல்ல முடியும். ஆனா ஓனர் வாயால சொல்றது மட்டுமே வெளியேற்ற உத்தரவு ஆகிடாது.

தமிழ்நாட்டுல 1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-ஆம் வருஷத்துச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமல்ல இருக்கு. ஓனருக்கோ அவர் குடும்பத்துக்கோ வீடு தேவைன்னா, அது சட்டப்படி செல்லுபடியாகிற காரணம்தான். ஒப்பந்தக் காலம் மிச்சம் இருந்தாலும் கேட்கலாம். நீங்க ஒத்துக்கலேன்னா, அவர் வாடகை நீதிமன்றத்துக்குப் போகணும். தண்ணியையும் கரண்டையும் நிறுத்தி உங்களைத் துரத்தக் கூடாது.

இதுல ஓனரை வில்லனாக்க நான் தயாரா இல்ல. கடன் வாங்கிக் கட்டின வீட்டுல தானே குடியிருக்க நினைக்கிறது நியாயம். “சொந்தத் தேவை”ன்னு சொல்லிக் காலி பண்ண வெச்சுட்டு, அடுத்த மாசமே கூடுதல் வாடகைக்கு விடுறதுதான் தப்பு.

பழைய சட்டத்துல இதுக்கு ஒரு கடிவாளம் இருந்துச்சு. இந்தக் காரணத்தைச் சொல்லி உத்தரவு வாங்கின ஓனர் ஒரு மாசத்துக்குள்ள குடி வரலேன்னா, வெளியேறினவர் வீட்டைத் திரும்பக் கேட்டு மனு போடலாம். அதே நியாயத்தை உங்க ஒப்பந்தத்துல எழுதி வாங்குங்கன்னுதான் நான் சொல்வேன்.

இப்போ பணக் கணக்கு. புது வீட்டு வாடகை 18,000 ரூபாய்னு வைங்க. மூணு மாச அட்வான்ஸ் 54,000, புரோக்கருக்கு 18,000, சாமான் ஏத்தி இறக்க 10,000. மொத்தம் 82,000 ரூபாய். பழைய அட்வான்ஸைக் காலி பண்ணின ஒரு மாசத்துக்குள்ள திருப்பித் தரணும்னு சட்டம் சொல்லுது. ஆனா புது வீட்டுக்குப் பணம் இன்னைக்கே வேணும். அந்த இடைவெளியிலதான் நம்ம பசங்க கிரெடிட் கார்டுல விழறாங்க.

அதனால மூணு வேலை பண்ணுங்க:

1. எழுத்து ஒப்பந்தம் போட்டு, வாடகை அதிகாரியிடம் பதிவு பண்ணுங்க. ஒப்பந்தம் போடாம இருக்கிறதே உங்களை வெளியேற்ற ஒரு காரணமாகலாம்.

2. சொந்தத் தேவைன்னா மூணு மாச நோட்டீஸ், சாவி கொடுக்கிற அன்னைக்கே அட்வான்ஸ், குடி வரலேன்னா இடமாற்றச் செலவு. இந்த மூணையும் அதுல சேர்க்கச் சொல்லுங்க.

3. அஞ்சு மாச வாடகை அளவுக்குப் பணத்தைத் தனியா வைங்க. மேலே போட்ட 82,000 அதுக்குள்ள அடங்கிடும்.

அந்தத் தம்பி ஓனர்கிட்ட மரியாதையாப் பேசி, மூணு மாசம் அவகாசம் வாங்கிட்டார். கோர்ட்டுக்குப் போகாமலே முடிஞ்சுது. உரிமை என்னன்னு தெரிஞ்சிருந்தா, குரலை உயர்த்த வேண்டிய அவசியமே வராது.

உங்க ஒப்பந்தத்துல இது பத்தி என்ன எழுதியிருக்கு? இன்னைக்கே எடுத்துப் படிங்க.